சேற்றுக்காடு ஆற்று நீரைத் தெளிவாக்குமா? – வாசகர் கேள்வி பதில்

ஆற்றை ஒட்டித் தண்ணீர் தேங்கி நிற்கும் ஈரக்காடுகளை வடியவைத்துக் காய்ந்த நிலமாக்கினால் ஆற்று நீரின் தரமும் கெடும் என்று சென்ற இதழில் ஒரு பதிலின் நடுவே ஒற்றை வரியில் எழுதியிருந்தேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் நிறைய வந்திருக்கின்றன. சிலர் விளக்கம் கேட்கிறார்கள். சிலர் ஒப்புக்கொள்ள மறுக்கிறார்கள். இந்த இதழின் பதில்கள் முழுவதையும் அக்கடிதங்களுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கே: 'ஈரக்காடு' என்று எதைக் குறிப்பிடுகிறீர்கள்? அலையாத்திக் காடும் இதுவும் ஒன்றா?

ப: ஒன்றல்ல. அலையாத்தி, கடலின் ஏற்ற இறக்கத்துக்கு உட்பட்ட உப்பங்கழிகளில் வளர்வது. நான் சொல்லும் ஈரக்காடு நன்னீருக்கு உரியது. ஆற்றின் வெள்ளச் சமவெளியிலோ, மலையடிவாரத்து ஊற்றுகள் கசியும் இடத்திலோ, ஏரி மெல்லத் தூர்ந்துவரும் ஓரத்திலோ, வேர்மண் ஆண்டின் பெரும்பகுதி தண்ணீரில் ஊறிக் கிடக்கும்படி அமைந்த காடு அது. ஐரோப்பாவில் ஆல்டர், பிர்ச், ஆற்றுப்பாலையின் இனத்தைச் சேர்ந்த வில்லோ ஆகிய மரங்களும், அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் சைப்ரஸ் மரங்களும், மேற்குத் தொடர்ச்சி மலையின் சில பள்ளத்தாக்குகளில் முழங்கால் மடித்ததுபோல் வேர்களை மண்ணுக்கு வெளியே நீட்டும் மிரிஸ்டிகா மரங்களும் இத்தகைய காடுகளை உருவாக்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 1992இல் கொண்டுவந்த வாழிட நெறிமுறை, ஆற்றோர ஆல்டர் காடுகளை முன்னுரிமை கொடுத்துக் காக்கவேண்டிய வாழிடங்களின் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

கே: அழுகிய இலையும் கறுத்த சேறும் நிறைந்த இடம் தண்ணீரை அசுத்தப்படுத்தும் என்றுதான் நினைக்கத் தோன்றுகிறது. அது எப்படிச் சுத்தம் செய்யும்? – ஒரு கல்லூரி மாணவி

ப: உங்கள் ஐயத்துக்கு உரிய விடை அந்த அழுகலிலேயே இருக்கிறது. இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

வயல்களில் இடும் உரத்திலிருந்தும் கால்நடைச் சாணத்திலிருந்தும் வெளிப்படும் நைட்ரஜனில் கணிசமான பகுதி நைட்ரேட்டாக மாறுகிறது. நைட்ரேட் எதிர்மின்னேற்றம் கொண்டது. களிமண் துகளின் மேற்பரப்பும் பெரும்பாலும் அதே மின்னேற்றம் கொண்டது. ஆகவே மண் அதைப் பிடித்துவைப்பதில்லை. மழை பெய்தால் அது நீரோடு கரைந்து கீழே இறங்கி, நிலத்தடி நீராகச் சாய்வின் போக்கில் நகர்ந்து, கடைசியில் ஆற்றை அடைகிறது. குடிநீரில் லிட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் நைட்ரேட் இருக்கக் கூடாது என்று உலகச் சுகாதார நிறுவனம் வரையறுத்திருக்கிறது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடுவதே இதற்கு முதன்மைக் காரணம். வடிகட்டியோ, மணலில் ஊறவிட்டோ கரைந்த நைட்ரேட்டைப் பிரித்துவிட முடியாது.

இனி ஈரக்காட்டுக்குள் வாருங்கள். அங்கே ஒரு மண்வெட்டியால் முழ ஆழம் தோண்டிப் பார்த்தால், மேலே இன்னும் இலையின் வடிவம் மாறாத சருகுப் படலம். அதற்குக் கீழே விரல்களுக்கு இடையே வெண்ணெய்போல் வழுக்கும் கறுப்பு மட்கு. அதற்கும் கீழே நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் மண். அந்தச் சாம்பல் மண்ணில் வேர்கள் போன தடத்தை ஒட்டி மட்டும் துருப்பிடித்த செம்மஞ்சள் கோடுகள் ஓடும். சாம்பல் நிறம் ஆக்சிஜன் இல்லை என்பதற்கு அடையாளம். செம்மஞ்சள் கோடு, மரம் தன் வேர் வழியாகக் கீழே அனுப்பிய காற்று அந்த இடத்தில் கசிந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவும். எனவே மண்ணின் துளைகளில் தண்ணீர் நிரம்பிவிட்டால், இருக்கும் ஆக்சிஜனை நுண்ணுயிர்கள் விரைவில் தீர்த்துவிடுகின்றன. புதிதாக வந்து சேர வழியில்லை.

மூச்சுவிட ஆக்சிஜன் கிடைக்காத நிலையில் சில பாக்டீரியாக்கள் நைட்ரேட்டில் உள்ள ஆக்சிஜனைப் பயன்படுத்திக்கொள்ளத் தொடங்குகின்றன. சருகும் மட்கும் அவற்றுக்கு உணவு; நைட்ரேட் அவற்றுக்கு மூச்சு. இந்தச் செயலில் நைட்ரேட் படிப்படியாகச் சிதைந்து, இறுதியில் நைட்ரஜன் வாயுவாகக் குமிழ்த்து வெளியேறிவிடுகிறது. நாம் சுவாசிக்கும் காற்றில் 78 விழுக்காடு இருக்கும் அதே வாயுதான் அது. நைட்ரஜன் நீக்கம் எனப்படும் இதற்கு நைட்ரேட், ஆக்சிஜன் இன்மை, மட்கும் கரிமப் பொருள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூட வேண்டும். முதலாவதை வயல் கொடுக்கிறது. மற்ற இரண்டையும் ஆண்டு தவறாமல் ஒருசேரக் கொடுக்கும் இடம் ஈரக்காட்டின் தரைபோல் வேறொன்று அரிது.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ரோட் ஆற்றின் வடிநிலத்தில் பீட்டர்ஜான், காரல் ஆகிய இருவர் செய்து 1984இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் இன்றும் எடுத்துக்காட்டப்படுவது. மக்காச்சோள வயலுக்கும் ஓடைக்கும் நடுவே இருந்த காட்டுப் பட்டையின் வழியாக நிலத்தடியில் நகர்ந்த நீரின் நைட்ரேட்டில் பெரும்பங்கு, காட்டுக்குள் நுழைந்த முதல் 19 மீட்டருக்குள்ளேயே குறைந்துவிட்டதை அவர்கள் அளந்து காட்டினார்கள்.

கே: மரங்கள் சத்துகளை உறிஞ்சிக்கொள்வதால்தான் நீர் தூய்மையாகிறது என்று படித்திருக்கிறேன். நீங்கள் பாக்டீரியாவைச் சொல்கிறீர்களே?

ப: மரமும் உறிஞ்சத்தான் செய்கிறது. ஆனால் உறிஞ்சியதில் ஒரு பகுதி இலையாக உதிர்ந்து அதே மண்ணுக்குத் திரும்பிவிடுகிறது. தண்டில் சேர்ந்தது மட்டுமே நீண்ட நாள் தங்கும். வளர்ச்சி முற்றிய காட்டில் புதிதாகச் சேரும் அளவும் குறைந்துவிடும். பாக்டீரியா வாயுவாக்கி அனுப்பியதோ அந்த இடத்தைவிட்டே போய்விட்டது. மரத்தின் பெரிய உதவி, அந்தப் பாக்டீரியாவுக்கு ஓயாமல் சருகு போட்டுக்கொண்டிருப்பது.

கே: வெள்ளக் காலத்தில் ஆறு செம்மண் நிறத்தில் ஓடுகிறது. அந்தக் கலங்கலையும் இத்தகைய காடு தணிக்குமா? பாஸ்பரஸ் என்ன ஆகும்? – ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர்

ப: கலங்கலைத் தணிப்பது வேகத்தைப் பொறுத்தது. அசையாத நீரில் நுண்மணல் ஒரு மீட்டர் இறங்க இரண்டு நிமிடம் போதும். 20 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள வண்டல் துகளுக்கு முக்கால் மணி நேரம் ஆகும். 2 மைக்ரான் களிமண் துகளுக்கு ஏறத்தாழ மூன்று நாள் ஆகும். ஆறு தன் படுகைக்குள்ளேயே விரைந்து ஓடும்வரை இவற்றில் எதுவும் படிய வாய்ப்பில்லை. கரை தாண்டிய வெள்ளம் காட்டுக்குள் பரவும்போது, அடிமரங்களும் விழுந்து கிடக்கும் கட்டைகளும் புதரும் வேர்முண்டுகளும் அதைத் தடுத்துத் தடுத்துத் தளரவைக்கின்றன; ஆழமும் குறைந்துவிடுவதால் துகள் தரையைத் தொடக் கடக்கவேண்டிய தொலைவும் குறைகிறது. வெள்ளம் வடிந்தபின் உள்ளே போய்ப் பார்த்தால், அடிமரங்களைச் சுற்றி எவ்வளவு உயரம் நீர் நின்றது என்பதைக் காட்டும் மண்கோடும், சருகுகளின் முதுகில் மாவு தூவியதுபோல் படிந்திருக்கும் வண்டலும் தெரியும். அந்த வண்டல் ஆற்றிலேயே போயிருந்தால், மீன்கள் முட்டையிடும் சரளைக் கற்களின் இடுக்குகளை அடைத்திருக்கும்.

பாஸ்பரஸ் பெரும்பாலும் இந்தத் துகள்களில் ஒட்டிக்கொண்டுதான் பயணம் செய்கிறது. குறிப்பாக இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளோடு அது இறுகப் பிணைந்திருக்கும். ஆகவே வண்டல் படிந்தால் அதுவும் படிகிறது. ஆனால் நைட்ரேட்டைப் போல் வாயுவாகி மறையும் வழி பாஸ்பரஸுக்கு இல்லை; காடு அதைச் சேர்த்துவைக்கிறதே தவிர, இல்லாமல் செய்வதில்லை. நைட்ரேட்டை நீக்க உதவுகிற அதே ஆக்சிஜன் இன்மை நீண்ட நாள் நீடித்தால், இரும்பு கரையும் வடிவத்துக்கு மாறி, தான் பிடித்துவைத்திருந்த பாஸ்பரஸைக் கைவிட்டுவிடும் என்பது இன்னொரு சிக்கல். பல காலம் உரம் கொட்டப்பட்ட வயலை ஒரே நாளில் நீரில் மூழ்கடித்து ஈரக்காடாக்க முயன்றால், தொடக்க ஆண்டுகளில் ஆற்றுக்குள் பாஸ்பரஸ் கூடவும் செய்யலாம். சில இடங்களில் மேல்மண்ணைச் சுரண்டி அப்புறப்படுத்திய பிறகே நீரை விடுகிறார்கள். செலவு பிடித்தாலும் அது வீண் செலவன்று.

கே: இப்படிப்பட்ட காட்டுக் குட்டைகளில் வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதப்பதைப் பார்த்தேன். யாரோ டீசல் கொட்டியிருக்கிறார்களா?

ப: ஒரு குச்சியால் அந்தப் படலத்தைக் கலைத்துப் பாருங்கள். உடைந்த கண்ணாடிபோல் துண்டு துண்டாகப் பிரிந்து அப்படியே நின்றால், அது இரும்பு பாக்டீரியாக்களின் வேலை. மண்ணுக்குள் கரைந்திருந்த இரும்பு மேலே வந்து காற்றைத் தொட்டதும் உருவாகும் மெல்லிய ஏடு. கலைத்த உடனே வளைந்து நெளிந்து மீண்டும் ஒன்றுகூடினால் அது எண்ணெய். புகார் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.

கே: எங்கள் குழுவினர் சில ஆண்டுகளுக்கு முன் ஓடைக்கரை நெடுகிலும் மரக்கன்றுகள் நட்டோம். கன்றுகள் நன்றாகவே தழைத்திருக்கின்றன. ஆனால் ஓடை நீரைச் சோதித்தபோது நைட்ரேட் சிறிதும் குறையவில்லை. எங்கே தவறினோம்?

ப: உங்கள் உழைப்பைக் குறை சொல்வதாக எண்ண வேண்டாம்; இத்தகைய ஏமாற்றம் பல இடங்களில் நேர்ந்திருக்கிறது. கன்றுகளை எண்ணுவதற்கு முன் ஒரு கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும்: வயலின் நீர் எந்த வழியாக ஓடையை அடைகிறது? அது உங்கள் மரங்களின் வேர்மண்ணுக்குள் புகுந்துதான் வருகிறதா, அல்லது மரங்களுக்கு அடியிலோ பக்கத்திலோ தப்பித்து வந்துவிடுகிறதா?

தப்பிக்கும் வழிகள் பல. வயலுக்கு அடியில் துளையிட்ட குழாய்களைப் புதைத்து வடியவைத்திருந்தால், நைட்ரேட் கலந்த நீர் உங்கள் மரங்களைத் தாண்டி நேரே ஓடைக்குள் கொட்டும். மரப்பட்டையை அறுத்துக்கொண்டு போகும் ஒரு திறந்த வாய்க்கால் இருந்தாலும் நிலைமை அதுவே. ஓடையின் படுகை ஆழமாக அரித்துப் போயிருந்தால், கரையின் நிலத்தடி நீர்மட்டமும் கூடவே தாழ்ந்துவிடும். அப்போது மேல்மண்ணில் மட்கு எவ்வளவு இருந்தாலும், நீர் அதற்குக் கீழே உள்ள வெறும் மணலின் வழியாக ஓடிவிடும். நட்டது மரமாக இருக்கலாம். நனையாத காடு ஈரக்காடாகாது.

இதற்கான திருத்தம் பெரும்பாலும் மண்வெட்டி வேலைதான். மரப்பட்டையின் வழியே போகும் வாய்க்கால்களை அடைத்து நீரைக் காட்டின் தரையில் பரவவிடலாம். படுகையில் விழுந்த மரங்களை அப்புறப்படுத்தாமல் விட்டு, நீர்மட்டத்தை உயர்த்தலாம். புதைகுழாய்களைப் பொறுத்தவரை, அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் 2010ஆம் ஆண்டுவாக்கில் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தார்கள். குழாய் ஓடையைத் தொடுவதற்கு முன் ஒரு மடைப்பெட்டி அமைத்து, கரைக்கு இணையாகப் புதைத்த மற்றொரு துளைக்குழாய்க்குள் நீரைத் திருப்பிவிட்டால், அது கரைமண்ணுக்குள் கசிந்து, நைட்ரேட்டை அங்கே இழந்து, பிறகே ஓடையில் சேரும். உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: அடுத்த தொகுதிக் கன்றுகளை வாங்கும் பணத்தில் ஒரு பகுதியை, ஒரு மழை நாளில் கரை நெடுக நடந்து, எந்தெந்தக் குழாய்களும் வாய்க்கால்களும் ஓடையில் விழுகின்றன என்று வரைபடம் தயாரிக்கச் செலவிடுங்கள்.

கே: ஆல்டர் மரம் காற்றிலிருந்து நைட்ரஜனை எடுத்து மண்ணில் சேர்க்கும் என்று தாவரவியல் பாடத்தில் படித்தோம். நைட்ரஜனைக் குறைக்க நைட்ரஜன் சேர்க்கும் மரத்தைப் பரிந்துரைப்பது முரண் அல்லவா? – ஓர் ஆசிரியை

ப: இந்த முரண் மெய்யானது, மழுப்ப விரும்பவில்லை. ஆல்டரின் வேர்களில் பிராங்கியா என்னும் பாக்டீரியா குடியிருக்கும் முடிச்சுகள் உண்டு. மற்ற மரங்கள் இலை உதிரும் முன் அதிலுள்ள சத்தைத் தண்டுக்குத் திரும்ப இழுத்துக்கொள்ளும். தட்டுப்பாடு அறியாத ஆல்டரோ பச்சை மாறாத இலையையே உதிர்த்துவிடும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தின் கடலோர மலைகளில், வடிநிலத்தில் சிவப்பு ஆல்டரின் பரப்பு கூடக் கூட ஓடை நீரில் நைட்ரேட்டும் கூடியிருப்பதை அளந்து பதிவுசெய்திருக்கிறார்கள். அங்கே ஆல்டர் நிறைந்திருப்பது பெரும்பாலும் மலைச்சரிவுகளில். நீர் தேங்காத சரிவில் மரம் சேர்த்த நைட்ரஜன் நைட்ரேட்டாகிக் கீழே கசிகிறது. சேறு நிறைந்த தாழ்நிலத்தில் அந்த நைட்ரேட்டில் பெரும்பகுதி நைட்ரஜன் நீக்கத்துக்கு இரையாகிவிடும். ஆகவே தாழ்நிலத்தில் ஆல்டர் இருப்பதை நான் எதிர்க்கமாட்டேன்; சரிவு முழுவதும் அதையே நடுவதை எதிர்ப்பேன். வில்லோவும் பிற மரங்களும் கலந்த காடே மேலானது.

கே: நிழல் தருவதால் தண்ணீரின் தரம் மாறுமா?

ப: மாறும். 10 பாகை செல்சியஸ் நன்னீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 11.3 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 பாகையில் 9.1 மில்லிகிராம்தான், 30 பாகையில் 7.6ஆகக் குறைந்துவிடும். நீர் சூடாகும்போது மீனின் ஆக்சிஜன் தேவையும் கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாவின் தேவையும் கூடுகின்றன என்பதால் இழப்பு இரட்டிப்பாகிறது. ஒளி குறைந்தால் பாசியும் அளவோடு நிற்கும். சிறிய ஓடைகளில் இந்தப் பயன் பெரிது. இருகரை மரங்களின் நிழலும் நடுவை எட்டாத அகன்ற ஆற்றில் சிறிது.

கே: இவ்வளவு நன்மை இருந்தால், ஊர்க் கழிவுநீரை நேராக இந்தக் காட்டுக்குள் விட்டுவிடலாமே?

ப: கூடாது. புளோரிடாவில் 1970களில் சூழலியலாளர் ஹோவர்ட் ஓடம் தலைமையிலான குழுவினர் சைப்ரஸ் காடுகளில் கழிவுநீரைச் செலுத்தி விரிவாக ஆராய்ந்தார்கள். நைட்ரஜனிலும் பாஸ்பரஸிலும் பெரும்பகுதியைக் காடு பிடித்துவைத்தது உண்மை. ஆனால் அங்கே விட்டது ஏற்கெனவே சுத்திகரிக்கப்பட்ட நீர். அதுவும் அளந்து விட்டது. அப்படியிருந்தும் நீர்ப்பரப்பைப் பாசித்தழை மூடிக்கொண்டது, தரையிலிருந்த தாவரங்கள் மாறிப்போயின. கழிவுநீருக்கென்று தனியே ஈரநிலம் அமைத்துக்கொள்ளலாம். இருக்கும் இயற்கைக் காட்டைச் சாக்கடையாக்க வேண்டியதில்லை. பாஸ்பரஸ் பற்றி மேலே சொன்னதையும் நினைவில் கொள்ளுங்கள்: தேக்கிவைக்கும் இடத்துக்குக் கொள்ளளவு உண்டு.

கே: சேற்றுநிலம் மீத்தேன் வெளியிடும் என்கிறார்களே? ஆற்றைக் காப்பாற்றப் போய்க் காற்றைக் கெடுக்கிறோமா?

ப: மீத்தேன் வெளிவருகிறது, நைட்ரஜன் நீக்கம் பாதியில் நின்றுவிட்டால், நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் சுமார் 273 மடங்கு வெப்பமூட்டும் நைட்ரஸ் ஆக்சைடும் வெளிவரும். ஆனால் காட்டுக்குப் போகாத நைட்ரேட் மாயமாகிவிடுவதில்லை. ஆற்றின் அடிச்சேற்றிலும் கழிமுகத்திலும் அதே வேதியியல் நடந்து அதே வாயு வரத்தான் போகிறது. வடியவைத்த மட்குநிலமும் காற்றுப்பட்டு ஓயாமல் கரியமில வாயுவை வெளிவிடும். நைட்ரேட் குறைவாக வரும்போதும், மண் நன்றாக நனைந்திருக்கும்போதும் நைட்ரஜன் நீக்கம் முழுமையாக நடக்கும். ஆகவே வயலில் உரத்தைக் குறைப்பதும் காட்டை நனையவிடுவதும் சேர்ந்து நடக்க வேண்டும்.

கே: பீவர் என்னும் விலங்கு இத்தகைய காடுகளைத் தானே உண்டாக்குமாமே, உண்மையா? – பள்ளி மாணவன்

ப: உண்மைதான். மரங்களைப் பல்லால் அறுத்து ஓடைகளில் அணை கட்டி நீரைத் தேக்கும் கொறிவிலங்கு அது. இங்கிலாந்தின் டெவன் பகுதியில் 2011இல் ஓர் இணை பீவர்களை வேலியிட்ட வில்லோ காட்டில், ஒரு சிற்றோடையின் மேல்பகுதியில் விட்டார்கள். அவை 200 மீட்டருக்கும் குறைந்த நீளத்தில் 13 அணைகளைக் கட்டிவிட்டன. எக்சிடர் பல்கலைக்கழகத்தினர் அந்தக் குளங்களின் அடியில் தேங்கிய படிவை அளந்தபோது நூறு டன்னைத் தாண்டியது. அதில் பெரும்பகுதி மேலேயுள்ள புல்வெளிகளிலிருந்து அரித்து வந்த மண். பொறியாளர் வாசகர் பொறுத்துக்கொள்வாராக, இதற்கு மதிப்பீட்டு அறிக்கையோ ஒப்பந்தப்புள்ளியோ தேவைப்படவில்லை.

கே: எங்கள் பகுதிக் காடு வேலை செய்கிறதா என்று நாங்களே கண்டறிய எளிய வழி உண்டா?

ப: உண்டு. வயலோரத்தில் ஒன்று, காட்டின் நடுவில் ஒன்று, ஓடையை ஒட்டி ஒன்று என நீர் நகரும் திசையில் மூன்று துளைக்குழாய்களை மண்ணுக்குள் இறக்கி, மாதம் ஒருமுறை நீரெடுத்து நைட்ரேட்டை அளந்துவாருங்கள். சோதனைத் தாள்களே தொடக்கத்துக்குப் போதும். ஆனால் நைட்ரேட் மட்டும் குறைவதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம்; ஊற்று நீரோ மழை நீரோ கலந்து நீர்த்துப்போனாலும் எண் குறையும். அதனால் ஒவ்வொரு முறையும் குளோரைடையும் சேர்த்து அளக்க வேண்டும். குளோரைடை இந்த பாக்டீரியாக்கள் தொடுவதில்லை, மண்ணும் பிடிப்பதில்லை. இரண்டும் ஒரே விகிதத்தில் குறைந்தால் வெறும் கலப்பு; குளோரைடு அப்படியே நிற்க நைட்ரேட் மட்டும் இறங்கியிருந்தால், காட்டின் தரைக்கு அடியில் வேலை நடக்கிறது. மழைக்காலம், வறட்சிக்காலம் இரண்டையும் உள்ளடக்கிக் குறைந்தது ஓராண்டு அளந்துவிட்டு எழுதுங்கள். கிடைத்த எண்களை இந்தப் பகுதியிலேயே வெளியிடுகிறேன்.